நெல்லைச் சீமையிலிருந்து சொகுசு கார் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, வள்ளியூர், திசையன்விளை பக்கத்திலிருந்து அரைக் கோடி ரூபாய் அளவில் புதுக் கார் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு ஷோரூமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. எந்த பிராண்ட் நல்லது, எதற்கு இழுவை அதிகம் என்ற பேச்சு இங்கே கிடையாது. விற்கிறவரும் பழுது பார்க்கிறவரும் நம்மை எப்படி நடத்துகிறார்கள், நமக்கு உரியதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் விஷயம். ஒரு கருத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: நம்மூர்க்காரர் ஷோரூமைப் பார்த்து வாங்கக் கூடாது, ஒர்க்‌ஷாப்பைப் பார்த்து வாங்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதிலிருந்து வருபவைதான்.

மதுரையில வாங்கலாமா, திருவனந்தபுரத்துல வாங்கலாமா?

ஜெர்மன் பிராண்டு வாங்க மதுரை, திருவனந்தபுரம், சில நேரம் கோயம்புத்தூர் என்று போகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 150, 160 கிலோமீட்டர். ஆனால் மதுரைக்கு நான்குவழிச் சாலை. திருவனந்தபுரத்துக்கு நாகர்கோவில் தாண்டினால் மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் ஊர வேண்டும். பணகுடி, காவல்கிணறு பக்கம் இருப்பவருக்குக் கேரளம் கிட்ட. தென்காசி, செங்கோட்டைக்காரருக்கும் ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் மதுரையைவிடப் பக்கம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்றால் யோசிக்கவே வேண்டாம், மதுரைதான்.

வாங்குவதற்குப் போவது ஓரிரு முறை. சர்வீசுக்குப் போவது வண்டி கையில் இருக்கும்வரை. அதனால் புக்கிங் பணம் கட்டும் முன்பே அந்த டீலரின் சர்வீஸ் சென்டருக்கு, கார் வைத்திருப்பவர் போலவே போன் செய்யுங்கள். "அடுத்த வாரம் சர்வீசுக்கு இடம் கிடைக்குமா, காலையில் விட்டால் சாயந்திரம் கிடைக்குமா, உட்கார்ந்து காத்திருக்க முடியுமா, இந்த மாடலின் பிரேக் பேட் கையிருப்பு உண்டா" என்று கேளுங்கள். யார் எடுக்கிறார், எத்தனை தடவை வேறு ஆளுக்கு மாற்றிவிடுகிறார், திரும்ப அழைக்கிறேன் என்றவர் அழைத்தாரா என்று பாருங்கள். நாளை உங்களுக்கு நடக்கப் போவதன் மாதிரி அதுதான். பிறகு பாளையங்கோட்டையிலோ பெருமாள்புரத்திலோ அதே பிராண்டு கார் வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, வாரண்டி முடிந்த பிறகு அவரை எப்படி நடத்தினார்கள் என்று கேளுங்கள். வாரண்டிக்குள் எல்லோரும் இனிக்க இனிக்கத்தான் பேசுவார்கள்.

கேரளத்தில் வாங்கினால் தற்காலிகப் பதிவோடு ஓட்டி வந்து, நம் ஆர்டிஓவில் டி.என். 72 அல்லது டி.என். 76 பதிவு போட வேண்டும். வாழ்நாள் வரி தமிழ்நாட்டுக்குத்தான். அந்தக் காகித வேலையை டீலர் செய்து தருவாரா, நீங்களே அலைய வேண்டுமா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி வேலையை அந்த பிராண்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம், வாங்கிய இடத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வேட்டி கட்டிட்டுப் போனா மதிக்க மாட்டேங்காங்களே?

நடக்கிறது. உடன்குடி, திசையன்விளை, சுரண்டைப் பக்கத்து வியாபாரிகள் பலர் எங்கே போனாலும் வேட்டி சட்டைதான். தோட்டத்திலிருந்து நேரே வந்த அண்ணாச்சியைப் பார்த்து, கதவைத் திறந்து காட்டாமல் விலைப் பட்டியலை மட்டும் நீட்டிவிட்டு நகர்ந்த இடங்கள் உண்டு. தண்ணீர் கூடக் கொடுக்காமல் உட்கார வைத்த இடங்களும் உண்டு. இது சின்ன விஷயம் என்று விட்டுவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் கட்டும் முன்பே இப்படி நடத்துகிறவர்கள், பணம் வாங்கிய பிறகு உங்கள் போனை எடுப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது?

கோபித்துக்கொண்டு வெளியேறுவதற்கு முன் சேல்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டு, நடந்ததை அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல டீலர் என்றால் அவரே மன்னிப்புக் கேட்டு அருகில் உட்கார்ந்து பேசுவார். மழுப்பினால் அந்த பிராண்டுக்கு இன்னொரு டீலர் இருக்கிறாரா என்று பாருங்கள். அங்கே நிற்கும் பையனுக்குச் சம்பளம் குறைவு, விற்றால்தான் ஊக்கத்தொகை. ஆளைப் பார்த்து எடைபோடு என்று பழக்கியது அவனுடைய மேலிடம், பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான்.

பெண்களுக்கு இது வேறு விதத்தில் நடக்கிறது. ஹைகிரவுண்ட் பக்கத்து மருத்துவர் ஒருவர், எனக்குத் தெரிந்தவர், தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கப் போனார். கேள்வி கேட்டதெல்லாம் அவர், பதில் சொல்லப்பட்டதெல்லாம் கூட வந்த கணவருக்கு. கணவர்தான் கடைசியில் "ஓட்டப்போவது அவங்க, அவங்ககிட்டப் பேசுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த டீலரிடம் அவர் வாங்கவில்லை.

டெஸ்ட் டிரைவுக்கு மதுரை வரை போகணுமா?

வேண்டாம், வண்டியை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். இந்த விலையில் பெரும்பாலான டீலர்கள் கொண்டு வருவார்கள். ஷோரூம் வாசலில் இருக்கும் வழவழப்பான சாலையில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் தெருவில் திருப்பிப் பாருங்கள், உங்கள் போர்டிகோவில் ஏற்றிப் பாருங்கள். நெல்லை டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்துகளில் வீடு என்றால் 1.9 மீட்டர் அகலமான காரைக் கண்ணாடி மடக்கித்தான் கொண்டு போக வேண்டியிருக்கும். கிராமத்து வேகத்தடையில் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது அடி தட்டுகிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு, வெளியில் நிறுத்திய காரில் பின்சீட்டு எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று பாருங்கள்.

முழங்கால் வலி உள்ள அம்மாவையோ அப்பாவையோ ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் வைத்திருந்தால் அவரும் ஓட்டிப் பார்க்கட்டும். "டிரைவருக்கு எதுக்கு சார்" என்று தயங்கும் சேல்ஸ்மேனிடம், நாளைக்கு இந்த வண்டியில் உட்கார்ந்திருப்பது அவர்தான் என்று சொல்லுங்கள்.

ஆன்ரோடு விலையில் என்னென்னவோ போட்டிருக்காங்க. எது கட்டாயம், எது கட்டாயமில்லை?

ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி அடங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு ஜிஎஸ்டி, செஸ் என்ற கூடுதல் வரி கிடையாது. அதற்கு முன் 28 விழுக்காடும் அதன்மேல் செஸ்ஸும் சேர்ந்து பெரிய எஸ்யுவிக்கு 50 வரை போனது. மின்சாரக் காருக்கு 5 விழுக்காடு. பழைய விலைப் பட்டியலை யாராவது அனுப்பினால் தேதியைப் பாருங்கள்.

பிறகு வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் தமிழ்நாடு உயர்த்திய பிறகு 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 விழுக்காடு, 20 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடு. 60 லட்சத்துக் கார் என்றால் வரி மட்டுமே 12 லட்சம் அளவில் வந்துவிடும். பலர் திடுக்கிடும் இடம் இதுதான், ஆனால் டீலர் மேல் குற்றமில்லை.

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1 விழுக்காடு வருமான வரி வசூலிப்பார், டிசிஎஸ் என்பார்கள். அது செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். மறக்காமல் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

இதற்குமேல் வருவதையெல்லாம் நிறுத்திக் கேளுங்கள். "கையாளும் கட்டணம்", "லாஜிஸ்டிக்ஸ்", "டிப்போ செலவு" என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஷோரூமுக்கு வந்து நிற்கும் வண்டியின் விலைதான் ஷோரூம் விலை. அதற்கு ஏற்றுக்கூலி தனியாக எதற்கு? கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். செராமிக் பூச்சு, மிதியடி, கூடுதல் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் எல்லாம் உங்கள் விருப்பம். கடைசி இரண்டும் நம் பக்கத்துக்காரருக்குப் பெரும்பாலும் பயனுள்ளவை, பூச்சு அப்படியில்லை. அடிப்படை வாரண்டி சில பிராண்டுகளில் 2 ஆண்டு, சிலவற்றில் 3 ஆண்டு. அது முடிந்தபின் ஏர் சஸ்பென்ஷனோ கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியோ போனால் வரும் பில் லட்சங்களில் இருக்கும்.

பேரம் பேசலாமா?

பிராண்டைப் பொறுத்தது. மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரிலிருந்து இந்தியாவில் வண்டியைத் தானே நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கிறது, டீலர் நடுவில் கமிஷன் பெறுபவர், நாடு முழுக்க ஒரே விலை. அங்கே டீலரிடம் விலையில் முட்டிப் பயனில்லை. பழைய காரின் மதிப்பு, இன்சூரன்ஸ், துணைப் பொருட்களில் பேசலாம். மற்ற பிராண்டுகளில் பெரும்பாலும் விலையிலேயே இடம் இருக்கும்.

ஆடியில் நம் ஆட்கள் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பது டீலர்களுக்குத் தெரியும். ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் டெலிவரி என்று கேட்பவருக்கு நல்ல விலை கிடைக்கும். டிசம்பரில் கிடைக்கும் தள்ளுபடி வேறு வகை. ஜனவரி பிறந்தால் அந்தக் கார் போன வருடத்து உற்பத்தி ஆகிவிடும், விற்கும்போது அந்த ஒரு வருடம் உங்கள் கணக்கில்தான் கழியும். நீண்ட நாள் வைத்திருப்பவர் எடுக்கலாம், மூன்று வருடத்தில் மாற்றுகிறவர் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

ரொக்கமாகக் கொடுக்கலாமா? பிரிச்சுப் பிரிச்சுக் கட்டச் சொல்லுதாங்க.

கட்டாதீர்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுத்திருக்கிறது. நாலு நாளாகப் பிரித்தாலும் அது ஒரே கார்தான். அபராதம் பணத்தை வாங்கிய டீலருக்குத்தான் என்றாலும், ரசீது இல்லாத பணத்துக்கு நாளை நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? சேல்ஸ்மேனின் சொந்தக் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ ஒரு ரூபாயும் போகக் கூடாது. டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்கு, கணினி ரசீது, அவ்வளவுதான்.

புக்கிங் பணம் திரும்பக் கிடைக்குமா?

புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். நிறம், உள்ளலங்காரம், உற்பத்தி மாதம், டெலிவரி தேதி, அந்தத் தேதி தாண்டினால் முழுப் பணமும் திரும்ப என்ற வரி, இவ்வளவும் கையால் எழுதி டீலர் முத்திரை வாங்குங்கள். விலை உயர்ந்தால் புது விலைதான் என்று படிவத்தில் இருக்கும். விலை குறைந்தாலும் புது விலைதான் என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் அவங்ககிட்டயே எடுக்கணுமா?

கட்டாயம் இல்லை. "எங்களிடம் எடுத்தால்தான் டெலிவரி" என்று சொன்னால் அதை மின்னஞ்சலில் சொல்லச் சொல்லுங்கள், சொல்ல மாட்டார்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கு ஓராண்டு எடுத்தால் போதும். வெளியில் ஒரு மதிப்பீடு வாங்கி, அதே சேர்க்கைகளோடு (ஆட்-ஆன் என்பார்கள், தனியாகப் பணம் கட்டி எடுக்கும் கூடுதல் காப்பு) டீலரின் தொகையை ஒப்பிடுங்கள். வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் டீலரிடமே எடுப்பதில் ஒரு நன்மை உண்டு. விபத்து என்றால் அதே ஒர்க்‌ஷாப்பில் கையிலிருந்து பணம் கட்டாமல் வேலை நடப்பது சுலபம்.

சேர்க்கைகளில் எதை விட்டாலும் என்ஜின் பாதுகாப்பை விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி நெல்லைச் சந்திப்பு, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணீர். வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் நீர் சிலிண்டருக்குள் போய் என்ஜின் உடையும். "நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்" என்று சாதாரண பாலிசியில் காப்பீட்டு நிறுவனம் மறுக்கும். அந்தச் சேர்க்கை இருந்தால்தான் கிடைக்கும். இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியின் பட்டனை அழுத்தாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, புதுக் காரின் காப்பீட்டு மதிப்பே ஷோரூம் விலையில் 5 விழுக்காடு கழித்துத்தான் தொடங்கும். வரியும் அதில் சேராது. 12 லட்சம் வரி கட்டிய காருக்கு வண்டி முழுதாகப் போனால் வாங்கிய விலையையே தரும் இன்வாய்ஸ் மதிப்புச் சேர்க்கை எடுப்பது வீண்செலவு ஆகாது.

டெலிவரிக்கு முன்னாடி வண்டியைப் பார்க்க விடமாட்டேங்காங்க. கேக்கலாமா?

கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பதிவு போடும் முன், பகல் வெளிச்சத்தில், வண்டியை நேரில் பாருங்கள். பதிவு ஆகும்வரை அது டீலரின் சரக்கு, குறை இருந்தால் "வேறு வண்டி கொடு" என்று சொல்லலாம். உங்கள் பெயரில் எண் விழுந்த மறுநிமிடம் அதே குறை "சரிசெய்து தருகிறோம் சார்" ஆகிவிடும்.

மாதக் கடைசியில் டீலருக்கு இலக்கு இருக்கும். 30ஆம் தேதிக்குள் பதிவு போட அவசரப்படுத்துவார்கள். "வண்டி வந்துகிட்டே இருக்கு, பேப்பர் மட்டும் முடிச்சிடலாம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். சென்னை அருகே மகேந்திரா சிட்டியிலோ புனே அருகே சாகனிலோ தொழிற்சாலையில் இருந்து புறப்பட்ட கார், டிரெய்லரில் ஏறி, யார்டில் நின்று வருகிறது. வழியில் உரசினால் டச்சப் செய்து நிறுத்தும் பழக்கம் உள்ள இடங்கள் இருக்கின்றன.

என்ன பார்ப்பது? சேஸிஸ் எண்ணை முதலில், காரில் இருப்பதும் இன்வாய்ஸில் இருப்பதும் ஒன்றா என்று. உற்பத்தி மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான படிவம் 21இல் இருக்கும், காரின் தகட்டோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு டயருக்கும் வாரம் ஓரளவு நெருங்கி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் தனித்து நின்றால் ஏன் என்று கேளுங்கள். ஓடிய கிலோமீட்டர் பத்து, இருபது, ஐம்பது இருக்கலாம், சில நூறு என்றால் அது டெமோ காரா என்று நேராகவே கேளுங்கள். பெயின்டைச் சாய்வாகப் பாருங்கள், பம்பரும் கதவும் ஒரே நிறத்தில் ஒளிர்கிறதா என்று. எல்லா ஜன்னலையும் இறக்கி ஏற்றி, சீட் மோட்டார், கேமரா, எல்லா விளக்கும், இரண்டு சாவியும், முக்கோண எச்சரிக்கைப் பலகையும் பார்த்துவிடுங்கள். நிதானமாக ஒரு மணி நேரம் ஆகும். காபி கொடுத்து உட்கார வைக்கப் பார்ப்பார்கள், காபியைக் காருக்கு அருகிலேயே கொண்டு வரச் சொல்லுங்கள்.

பாண்டிச்சேரி பதிவு போட்டா லட்சக்கணக்குல மிச்சம்னு சொல்லுதாங்களே?

அங்கே குடியிருந்தால் போடுங்கள். இல்லாத முகவரியில் போட்டால் அது பொய் ஆவணம். கேரளத்தில் 2017இல் இதற்காகவே வழக்குகள் வந்தன. இதைப் பரிந்துரைக்கும் சேல்ஸ்மேனிடம் வேறு எதையும் நம்பி வாங்காதீர்கள்.

பழைய காரை அவங்ககிட்டயே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், விலை வெளியில் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும், அலைச்சல் மிச்சம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பழைய கார் பெயர் மாறாமலே கைமாறிப் போய், எங்கோ விபத்து செய்தால் பதிவு உரிமையாளர் என்ற முறையில் இழப்பீட்டு வழக்கு உங்கள் வீட்டுக்கு வரும். 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் தெரிவிக்கும் வழி வந்திருக்கிறது. அதைப் போடச் சொல்லி, நகலை வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். "நாங்க பாத்துக்கிடுதோம்" என்ற வாய்வார்த்தை போதாது.

டெலிவரி நாள்ல என்ன கேக்கணும்?

ராகு காலம், எமகண்டம் பார்த்து நேரம் குறிப்பீர்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் ஏற்றும் பரபரப்பில் யாருக்கும் எதுவும் விளங்காது. வண்டியின் வசதிகளைத் தமிழில், பொறுமையாக, ஓட்டுநரையும் பக்கத்தில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். தானாக பிரேக் பிடிப்பது, தடம் மாறினால் ஸ்டியரிங்கைத் திருப்புவது போன்றவை தெரியாமல் நான்குவழிச் சாலையில் ஏறினால் முதல் நாளே பயந்துவிடுவார்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு சந்தேகங்களோடு இரண்டாவது விளக்கம் கேட்கலாம், நல்ல டீலர் ஆள் அனுப்புவார்.

"கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார்" என்பார்களே?

வரும், டீலர் உங்களை எப்படி நடத்தினார் என்று மதிப்பெண் கேட்டு. உங்கள் மதிப்பெண்ணில் அந்தப் பையனின் ஊக்கத்தொகையும் டீலரின் கணக்கும் தொங்குகின்றன, அதனால்தான் கெஞ்சுகிறார்கள். இது உங்கள் கையில் உள்ள நல்ல பிடி. இரண்டாவது சாவி வரவில்லை, சொன்ன மிதியடி வரவில்லை, எண் பலகை சரியாக இல்லை என்று பாக்கி இருந்தால், அது முடிந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகப் பத்து கொடுங்கள், உழைத்தவருக்கு அது போய்ச் சேரும். பழகிய முகத்துக்காக இல்லாததை மட்டும் சொல்லாதீர்கள். அடுத்து வரும் நம்மூர்க்காரர் அந்தப் பொய்யில் மாட்டுவார்.

சர்வீஸ் சென்டர் 150 கிலோமீட்டர் தள்ளி. எப்படிச் சமாளிக்க?

இதுதான் நம்முடைய மெய்யான கேள்வி. சென்னைக்காரர் காலையில் விட்டுவிட்டு அலுவலகம் போவார். நமக்கு ஒரு சத்தம் கேட்டால் ஒரு நாள் போச்சு.

வண்டியை வீட்டில் வந்து எடுத்து, வேலை முடித்துக் கொண்டு வந்து விடும் வசதி பல டீலர்களிடம் உண்டு. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், டோலும் டீசலும் யார் தலையில், வழியில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று வாங்கும்போதே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி புறப்படும்போது கிலோமீட்டரையும் எரிபொருள் முள்ளையும் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுங்கள், ஆள் முன்னாலேயே. திரும்பும்போது கிலோமீட்டர் 320ஐ ஒட்டி ஏறியிருக்க வேண்டும், 450 ஏறியிருந்தால் கேளுங்கள்.

சிறு வேலைகளுக்கு நடமாடும் சர்வீஸ் வேன் அனுப்புகிறவர்களும், திருநெல்வேலியில் அவ்வப்போது ஒரு நாள் முகாம் போடுகிறவர்களும் உண்டு. முகாம் போடாத டீலரிடம், இங்கே அதே கார் வைத்திருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டால் போடுவார். தனியாகக் கேட்டால் "பார்க்கிறோம் சார்" என்ற பதில்தான். நம் பக்கத்து உரிமையாளர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

பல மாடல்களில் ஓராண்டு அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ். கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்பே நாள் வாங்குங்கள். வீட்டில் கல்யாணம், கோயில் கொடை, ஐப்பசி மழை என்று எதையாவது சொல்லித் தள்ளினால், நாளை வாரண்டி மறுக்க அந்தத் தாமதமே காரணமாகும்.

வழியில நின்னுட்டா?

ஸ்டெப்னி இல்லாத சொகுசு கார்கள் நிறைய. சிலவற்றில் ரன்ஃபிளாட் டயர், காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். சாத்தூரில் பஞ்சர் என்றால் மதுரையோ நெல்லையோ எப்படியாவது வந்துவிடலாம். வந்த பிறகு அந்த அளவு டயர் வண்ணார்பேட்டைக் கடைகளில் இருக்குமா, கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகுமா என்பது வேறு. வாங்கிய வாரத்திலேயே டயர் கடையில் அளவைச் சொல்லி விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கர இழுவை உள்ள காரை முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுக்கவே கூடாது, கியர்பாக்ஸ் பக்கம் சேதமாகும். தட்டையான மேடையுள்ள வண்டியில் முழுதாக ஏற்ற வேண்டும். உதவி எண்ணை அழைக்கும்போதே அதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அருகில் கிடைக்கும் கிரேன்தான் வரும்.

பாளையங்கோட்டைக்கும் சந்திப்புக்கும் மட்டும் ஓட்டுற டீசல் காருல விளக்கு எரியுது. ஏன்?

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும் சூட்டில்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நாலு கிலோமீட்டர் போய் நிற்பவருக்கு அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை நாங்குநேரி வரை ஒரே சீரான வேகத்தில் போய் வாருங்கள். முழுக்க ஊருக்குள் ஓடும் காருக்கு டீசலை விற்கும் சேல்ஸ்மேன் உங்கள் ஓட்டத்தை விசாரிக்கவே இல்லை என்று பொருள்.

ஒரே குறையை மூணு தடவை சொல்லியும் "ஒண்ணும் இல்ல சார்"னு அனுப்புதாங்க. என்ன செய்ய?

வண்டியை விடும்போது குறைகளை எழுதும் ஜாப் கார்டில் உங்கள் சொற்களில் எழுத வையுங்கள். "பொதுச் சோதனை" என்று சர்வீஸ் அட்வைசர் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "காலையில் முதல் ஸ்டார்ட்டில், 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, வலது முன்சக்கரத்தில் சத்தம்" என்று இருக்க வேண்டும். சத்தத்தை வீடியோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதாது. ஒர்க்‌ஷாப் மேனேஜரை உங்களோடு காரில் உட்கார வைத்து ஒரு சுற்று போங்கள். பல தகராறுகள் அந்த ஒரு சுற்றில் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தீராவிட்டால் டீலரின் பொது மேலாளருக்கும், பிறகு காரைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுதுங்கள். தேதிவாரியாக, ஜாப் கார்டு எண்ணோடு, ஒரு பக்கத்துக்குள். திட்டாதீர்கள், என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். டீலரும் நிறுவனமும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். அதனால் இருவரையும் ஒரே கடிதத்தில் சேருங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு மதுரை போகணுமா?

பெரும்பாலோர் தவறாக நினைக்கும் இடம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் படி நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஆனால் தொகை முக்கியம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். சொகுசு கார்களில் நிறைய இந்த 50 லட்சக் கோட்டின் இருபக்கமும்தான் விழுகின்றன, வழக்கறிஞரிடம் முதலில் அதைச் சரிபாருங்கள். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியலாம். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

உற்பத்திக் குறை என்று நிரூபிப்பது கடினம், நிபுணர் அறிக்கை வேண்டும். சேவைக் குறைபாடு என்று நிரூபிப்பது ஜாப் கார்டுகள் இருந்தால் அவ்வளவு கடினமில்லை.

கம்பெனி பேர்ல வாங்கினா நுகர்வோர் ஆக மாட்டோமாமே?

எல்லா நேரமும் அப்படி இல்லை. இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனத்தின் பெயரில் வாங்கிய காரை வணிக நோக்கம் என்று ஒதுக்க முடியாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகைக்கு விடும் காருக்கு இது பொருந்தாது.

மகன் துபாயிலிருந்து பணம் கட்டுதான், வண்டி அப்பா பேர்ல. யார் எதுக்குப் போகணும்?

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் இந்தக் கேள்வி அதிகம். வண்டி யார் பெயரில் பதிகிறதோ அவருடைய பான், முகவரி, கைபேசி எண் கேட்பார்கள். கைபேசி எண் எப்போதும் கையில் இருக்கும் உள்ளூர் எண்ணாக இருக்கட்டும், வாகன் தளத்தின் ஓடிபி, சர்வீஸ் தகவல், காரின் செயலி எல்லாம் அதற்குத்தான் வரும். சேல்ஸ்மேன் தன் எண்ணைப் போட்டுப் பதிவு முடித்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு, விண்ணப்பத்திலேயே பார்த்துவிடுங்கள். 2024 பிப்ரவரி 28 முதல் ஆர்சி அட்டை விரைவுத் தபாலில்தான் வருகிறது, முகவரியில் கதவு எண் தவறினால் திரும்பிப் போய்விடும்.

பணம் கட்டியவர் மகன், பதிவு அப்பா பெயரில், ஓட்டுவது மருமகன் என்றாலும் பயப்பட வேண்டாம். வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துகிறவரையும் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது. டீலருக்கு எழுதும் கடிதங்கள் மட்டும் ஒரே மின்னஞ்சல் முகவரியிலிருந்து, ஒரே ஆளிடமிருந்து போகட்டும். மகன் ஒன்று, மருமகன் ஒன்று என்று அனுப்பினால் அவர்கள் தங்களுக்கு வசதியானதற்கு மட்டும் பதில் சொல்வார்கள்.